ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் சத்தம் குறையுமா?

கேள்வி இதுதான். மேசைக் கணினியில் ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடுவது. கணினி இருப்பது படுக்கையறையில். பகலில் ஒன்றும் தெரிவதில்லை. ராத்திரி ஊர் அடங்கியதும் ‘ஙொய்’ என்று ஒரே ரீங்காரம், நடுநடுவே கரகரப்பு. ஒரு வீடியோவில் ஒருவர் டிஸ்க்கின் மூடியைக் கழற்றி, நடு அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியின் உட்புறத்தில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டி மறுபடி மூடுகிறார். டிஸ்க் அதற்கு அப்புறமும் ஓடுகிறது. நானும் அப்படிச் செய்யலாமா, செய்தால் என்ன ஆபத்து?

செய்யாதீர்கள். இதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது தூசி. தூசிக்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஒன்று. தூசியே இல்லாத அறையில், கை தேர்ந்த ஒருவர் திறந்தாலும் சத்தத்தைக் குறைக்க உள்ளே அவர் செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. இறுக்க வேண்டிய திருகு இல்லை, எண்ணெய் விடத் துளை இல்லை, தேய்ந்த பாகத்தை மாற்றலாம் என்றால் அது கடையில் கிடைக்காது. ஆபத்தை எடை போட வேண்டுமானால் எதிர்த்தட்டில் லாபம் என்று ஏதாவது இருக்க வேண்டும். இங்கே அந்தத் தட்டு காலி.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது புரிந்துவிடும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120. சுழலும் தட்டுகளின் எடை அச்சைச் சுற்றி இம்மியளவு பிசகியிருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் உடம்பை ஒரு தள்ளுத் தள்ளும். வினாடிக்கு 120 தள்ளு, அதாவது 120 ஹெர்ட்ஸ். நீங்கள் கேட்கும் ரீங்காரத்தின் அடிச்சுருதி இதுதான். 5400 சுற்று டிஸ்க்கில் இது 90 ஹெர்ட்ஸாக இறங்கிவிடும். இதன் மேல், சுமார் 95 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டின் விளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டர் அளவு வேகத்தில் காற்றைக் கிழிக்கும் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று உண்டு. கரகரப்பு வேறு சமாச்சாரம். தட்டில் தரவை எழுதிப் படிக்கும் நுனிக்கு ஹெட் என்று பெயர், தரவு வரிசையாக எழுதப்பட்டிருக்கும் வட்டங்கள் தடங்கள். ஹெட்டைத் தாங்கும் கை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போய் நிற்க சராசரியாக 8, 9 மில்லி வினாடிதான் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வேகமாகப் புறப்பட்டு அவ்வளவு சடுதியில் நின்றால், அந்த உதறல் டிஸ்க்கின் உடம்புக்குத் தாவத்தான் செய்யும்.

இவை எல்லாம் சேர்ந்தும் பெரிய சத்தம் இல்லை. தயாரிப்பாளர்கள் தரும் விவரத்தாளில் சும்மா சுழலும் டிஸ்க்குக்கு 20 முதல் 30 டெசிபெல் வரை எழுதியிருப்பார்கள். அது டிஸ்க்கைத் தனியே தொங்கவிட்டு அளந்தது. உங்கள் காதுக்கு வருவது அதுவல்ல. தம்புராவை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தியை மட்டும் ஒரு கட்டையில் கட்டி மீட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சரியாகக் கேட்காது. குடம் இருப்பதால்தான் சுருதி கூடத்தை நிறைக்கிறது. டிஸ்க் வெறும் தந்தி. நான்கு திருகு போட்டு அதை இறுக்கிப் பிடித்திருக்கும் உங்கள் கேபினெட்தான் குடம். மெல்லிய தகடு, பெரிய பரப்பு, உள்ளே காலி இடம், அடியில் மரமேசை. குடம் பாடுகிறது என்று தந்தியை அறுக்கப் போகிறீர்கள்.

இரண்டு டிஸ்க் போட்டவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். ரீங்காரம் ஒரே சீராக இல்லாமல் ‘வீம்… வீம்…’ என்று ஏறி இறங்கும். டிஸ்க் கெட்டுப்போச்சு என்று பயந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. இரண்டும் 7200 என்று எழுதியிருந்தாலும் ஒன்று 7200, இன்னொன்று 7190 என்று ஓடினால் ஆறு வினாடிக்கு ஒருமுறை இரண்டின் அதிர்வும் சேர்ந்து ஏறும், பிரிந்து இறங்கும். சுருதி சேராத இரண்டு தம்புராவில் கேட்கும் அதே அலைதான். இரண்டில் ஒன்றைக் கேபினெட்டில் டிஸ்க் பொருத்தும் வேறொரு கூட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். அந்த யோசனை மேசை ஃபேனிலிருந்து வந்தது. ஃபேனின் புஷ் காய்ந்து கிறீச்சிட்டால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவோம், அடங்கிவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்குகளிலும் பால் பேரிங் இருந்தது, அது தேய்ந்து ஊளையிட்டது, எல்லாம் உண்மை. ஆனால் 2000களின் தொடக்கத்திலேயே தயாரிப்பாளர்கள் திரவ பேரிங்குக்கு மாறிவிட்டார்கள். 2001இல் வந்த சீகேட் பாரகுடா ஏடிஏ 4 அந்த வகையில் பரவலாக விற்ற முதல் டிஸ்க்குகளில் ஒன்று. இதில் உருளை, குண்டு எதுவும் கிடையாது. அச்சுக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி, அதில் ஒரு எண்ணெய்ப் படலம். அச்சு சுழலும்போது பரப்பில் வெட்டியிருக்கும் நுண்ணிய வரிகள் எண்ணெயை நடுவே இழுத்து அழுத்தம் கொடுக்கும்; உலோகம் உலோகத்தைத் தொடாமலே மிதக்கும். அந்த எண்ணெய் தொழிற்சாலையில் நிரப்பி அடைத்தது, மேலிருந்து போக வழி கிடையாது. மூடியைத் திறந்தால் நடுவில் தெரிகிற பளபள வட்டம் தட்டுகளைப் பிடித்து வைக்கும் வளையம். அதன் மேல் ஒரு சொட்டு விட்டால் என்ன ஆகும்? மின்சாரம் கொடுத்த மறுநொடி அது சுழற்சியில் தெறித்துத் தட்டெங்கும் விசிறிவிடும். மாவு ஆட்டும்போது கிரைண்டர் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

தட்டின் மேல் ஏற்கெனவே ஒரு உராய்வு நீக்கி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காந்தப் படலத்துக்கு மேல் வைரம் போன்ற கடினமான கார்பன் பூச்சு, அதற்கும் மேல் ஃப்ளூரின் கலந்த ஒருவகை எண்ணெய், ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிமனில். ஒரு சில மூலக்கூறு உயரம், அவ்வளவுதான். அந்தப் பரப்பின் மேல் தையல் மெஷின் எண்ணெய் என்றால் கோலம் போட்ட வாசலில் லாரி மண் கொட்டியது போல.

ஸ்பாஞ்ச் இன்னும் மோசம் என்பேன். எண்ணெய் உடனே கொன்றுவிடும், ஸ்பாஞ்ச் மெதுவாகக் கொல்லும். ஸ்பாஞ்ச் நாளாக நாளாகத் துகள் உதிர்க்கும். உதிராவிட்டாலும் பசையும் நுரையும் சூட்டில் ஆவி விடும். 40, 45 டிகிரியில் மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி போய் ஒட்ட வேறு இடம் ஏது? தட்டிலும் ஹெட்டிலும்தான். இதில் சிலிக்கோன் தனிப் பகை. மூடியைத் திரும்ப ஒட்ட சிலிக்கோன் பசை நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கோன் ஆவி ஹெட்டின் நுனியில் சிலிக்காவாகப் படியக்கூடியது, அதாவது மணலின் உறவுக்காரன். டிஸ்க் தொழிற்சாலைகளில் சிலிக்கோன் கலந்த பொருள்களுக்குக் கட்டுப்பாடு வைப்பது இதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்பாஞ்ச் செய்ய வேண்டிய வேலையை மூடி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பல டிஸ்க்குகளின் மூடியைத் தொட்டுப் பாருங்கள், மேலே இன்னொரு தகடு ஒட்டியிருக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவே ரப்பர் போல இளகிய பசை. மூடி அதிரும்போது அந்தப் பசை இழுபட்டு அதிர்வைச் சூடாக்கித் தின்றுவிடும். ஸ்டிக்கர் ஒட்ட வசதியாக இருக்கட்டும் என்று வைத்த தகடு இல்லை அது.

மூடியைக் கழற்றுவதே ஒரு ஆபத்து, உள்ளே எதையும் தொடாவிட்டாலும். சுற்றி ஆறுமுனை நட்சத்திரத் திருகு (டார்க்ஸ்) ஆறேழு இருக்கும், எல்லாவற்றையும் எடுத்தும் மூடி அசையாது. ஸ்டிக்கரின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினால் ஒரு குழி தட்டுப்படும். அடியில் ஒளிந்திருக்கும் திருகு அது. பல மாதிரிகளில் அந்தத் திருகுதான் ஹெட் கையின் அச்சை மேலிருந்து பிடித்திருக்கிறது. இப்போதைய டிஸ்க்கில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே சுமார் 60 நானோமீட்டர்தான். அந்தத் தடங்களைத் தொழிற்சாலையில் எழுதும்போது அச்சு எந்த இறுக்கத்தில் நின்றதோ அதே இறுக்கத்தை உங்கள் மணிக்கட்டு திரும்பக் கொடுக்குமா? ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலும் அது தடக்கணக்கில் பெரிய தூரம். சில மாதிரிகளில் அந்த ஒரு திருகைத் தளர்த்தினாலே டிஸ்க் படிக்கத் திணறும்.

இப்போது தூசி. நானோமீட்டர், மைக்ரான் என்று சொல்லிக்கொண்டே போனால் மனதில் நிற்காது, அதனால் எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கிக்கொள்வோம். ஒரு நானோமீட்டர் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். ஹெட் பதிந்திருக்கும் துண்டு நிஜத்தில் எள்ளில் பாதிகூட இராது, சுமார் 0.85 மில்லிமீட்டர் நீளம். நம் கணக்கில் அது 850 மீட்டர் நீளக் கப்பல். இந்தக் கப்பலின் அடிமுனை தட்டுக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் பறந்தபடி எழுத்தைப் படிக்கிறது. அரை மைக்ரான் தூசி, கண்ணுக்கே தெரியாதது, அரை மீட்டர் பாறை. தலைமுடி என்றால் 70 மீட்டர் தடிமனில் ஒரு கோபுரம். விரல் ரேகை பதிந்தால் ஆள் உயரத்துக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு மேடுகள்.

அறைக் காற்றில் அந்தப் பாறைகள் எத்தனை? சுத்த அறைகளுக்கான ஐஎஸ்ஓ வகைப்பாட்டில் 9ஆம் வகுப்புதான் கடைசி. சாதாரண அறையை ஏறக்குறைய அதில் சேர்க்கலாம். ஒரு கன மீட்டரில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் சுமார் மூன்றரைக் கோடி. டிஸ்க்கைத் திறக்கத் தகுந்த 5ஆம் வகுப்பில் 3,520. பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தரவு மீட்பவர்கள் எல்லோரும் விண்வெளி வீரர் மாதிரி உடுத்திக்கொண்டு பெரிய அறைக்குள் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பலரிடம் இருப்பது ஒரு மேசை, அதன் பின்னாலிருந்து நுண்வடிகட்டி வழியாக ஒரே சீராக முன்னோக்கி வரும் காற்று. அது போதும், ஆனால் அது வேண்டும்.

பாத்ரூம் வைத்தியம் ஒன்றும் உலவுகிறது. சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, ஆவி அடங்கியதும் தூசியும் அடங்கியிருக்குமாம், அப்போது போய்த் திறக்க வேண்டுமாம். தூசி ஓரளவு அடங்கும், நிஜம்தான். ஆனால் நீங்கள் உள்ளே போய் நின்ற உடனே உங்கள் தோலும் சட்டையும் தலையும் புதுத் தூசி கொடுக்க ஆரம்பித்துவிடும். ஈரக் காற்று வேறு தட்டின் மேல் படியும். கடைசி முயற்சியாக, போனால் போகட்டும் என்கிற டிஸ்க்குக்கு வேண்டுமானால் அது ஒரு சமாதானம்.

பிறகு அந்த வீடியோவில் மட்டும் எப்படி ஓடியது? ஓடும். நானே ஓட்டியிருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் வேண்டாத ஒரு 80 ஜிபி டிஸ்க்கை, ஒரு ராத்திரி, ஃபேனை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். ரப்பர் விளிம்பு ஒட்டியிருந்ததால் கத்தி முனையால் நெம்ப ‘சக்’கென்று மூடி வந்தது. உள்ளே தட்டு அப்படி ஒரு கண்ணாடி. வீட்டில் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடி எதிலும் என் மூக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில்லை. ஒரு மூலையில் தபால்தலையில் பாதி அளவுக்கு வெள்ளைத் துணி போல ஒரு வடிகட்டி, பளிச்சென்று. மின்சாரம் கொடுத்தேன். சுழன்றது, ஹெட் கை அரைவட்டமாக ஒரு தடவை போய் வந்தது, கணினியில் டிரைவ் எழுத்து வந்துவிட்டது. பெரிய ஃபைல்களை ஏற்றி நாற்பது நிமிடம் பார்த்தேன், ஒரு பிசகும் இல்லை. சத்தம்? கூடிவிட்டது. மூடி இல்லாததால் அதுவரை கேட்டிராத ஒரு கூர்மையான சீறல்.

மூடித் திருகிவிட்டு மறுநாள் ஓட்டினால் இரண்டு ஃபைல் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது கெட்டுப்போனதால் டிஸ்க்கே ஒதுக்கிவிட்ட சிறு பகுதிகள், ஐம்பதைத் தாண்டின. அந்த வாரக் கடைசியில் ‘டிக், டிக், டிக்’. மறுபடி திறந்தபோது கண்ணாடியில் வெளி விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, சைக்கிள் ஸ்போக்கை வைத்துக் கீறியது போல ஒரு வட்டம். வெள்ளை வடிகட்டி காப்பித்தூள் சிந்தியது போலப் பழுப்பேறியிருந்தது. அந்தப் பழுப்பு முழுக்கத் தட்டிலிருந்து சுரண்டி வந்தது. ஒரு துகள் ஹெட்டில் இடிக்கும், ஹெட் தட்டில் தட்டும், தட்டிலிருந்து பத்துத் துகள் பெயரும், அந்தப் பத்தும் மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்றில் சுற்றிச் சுற்றி வரும். வட்டிக்கு வட்டி போடும் கணக்கு. வீடியோ எடுப்பவர் முதல் நாற்பது நிமிடத்தைத்தான் எடுப்பார், நாலாம் நாளை யாரும் எடுப்பதில்லை.

‘டிஸ்க்கிலேயே ஒரு ஓட்டை இருக்கிறதே, அது வழியாகத் தூசி போகாதா’ என்று கேட்பீர்கள். ‘இந்தத் துளையை மூடாதீர்கள்’ என்று பக்கத்தில் எழுதியிருக்கும். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான மூச்சுத்துளை அது, பின்னால் வடிகட்டியோடு. சத்தம் அது வழியாக வருகிறது என்று டேப் ஒட்டுபவர்களும் உண்டு, வேண்டாம். ஹெட் பறப்பதே காற்று மெத்தையின் மேல்தான், அழுத்தம் மாறினால் உயரமும் மாறும். பெரும்பாலான டிஸ்க்குகளுக்குக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் வரைதான் ஓடும் உத்தரவாதம் என்று எழுதியிருப்பதும் இதனால்தான். ஊட்டியில் கவலையில்லை, லேயில் யோசிக்க வேண்டும். துளையே இல்லாத டிஸ்க்கும் உண்டு. 2013இல் எச்ஜிஎஸ்டி நிறுவனம் 6 டிபி ஹீலியம் டிஸ்க் கொண்டுவந்தது; இப்போது பெரிய கொள்ளளவுள்ளவை பெரும்பாலும் அந்த வகைதான். காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குள்ள வாயு, லேசர் பற்றவைப்பு போட்டு மூடிய மூடி. அதில் விரிசல் விழுந்தாலே கதை முடிந்தது. உள்ளே வருவது ஏழு மடங்கு கனமான காற்று.

திறப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்கு இப்போது உண்மையில் தேவையானது, கேட்பது எந்தச் சத்தம் என்று பிரித்துப் பார்ப்பது. ரீங்காரம் சீராக இருந்தால், கரகரப்பு ஃபைல் நகலெடுக்கும்போதும் ஆன்டிவைரஸ் ஓடும்போதும் மட்டும் வந்தால், அது ஆரோக்கியம். கணினியை அணைக்கும்போது ஒரே ஒரு ‘டொக்’ என்றால் ஹெட் தட்டை விட்டு விலகித் தன் சரிவுமேடையில் ஏறி நின்றது, அதுவும் சரி. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில், எந்த வேலையும் இல்லாதபோது ஐந்து வினாடிக்கு ஒருமுறை ஒரு சின்னக் குத்து கேட்கும்; தட்டின் மேலுள்ள எண்ணெய்ப் படலம் ஒரே இடத்தில் தேயாமலிருக்க ஹெட்டை அதுவே நகர்த்திக்கொள்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கும், பழுது இல்லை.

பயப்பட வேண்டியவை வேறு. ஒரே தாளத்தில் டிக் டிக் என்று அடித்து, பிறகு சுழற்சி நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி டிக் டிக் என்றால் ஹெட் தன் வழிகாட்டிக் குறிகளைக் கண்டுபிடிக்க முடியாமல் முட்டிக்கொண்டிருக்கிறது. தகரத்தை ஆணியால் கீறும் ‘கிர்ர்’ என்றால் அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஓடும் ஒவ்வொரு வினாடியும் உங்கள் போட்டோக்கள் தூளாகி வடிகட்டிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கையடக்க டிஸ்க்கில் சுழலாமல் பீப் பீப் என்று மெல்ல ஒலித்தால், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டு மோட்டார் திணறுகிறது. இந்த மூன்றாவதில்தான் ஆள்கள் ‘சும்மா தள்ளிவிட்டால் போதுமே’ என்று திறக்கிறார்கள். மீட்பவர் கைக்குப் போனால் வர வாய்ப்பிருந்த தரவு அந்தத் தள்ளலில் போய்விடும். திறந்த டிஸ்க்கை எடுத்துப் போனால் பல இடங்களில் கட்டணம் கூடும், சில இடங்களில் தொடவே மாட்டார்கள். வாரன்டி ஸ்டிக்கர் கிழிந்ததைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளைப் போட்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். கெட்ட செக்டர்களின் கணக்கு அவை. மூன்றிலும் கச்சா மதிப்பு (raw value) பூஜ்யம் என்றால் நிம்மதி. எண் இருந்து, அது வாரா வாரம் ஏறினால் சத்தத்தை மறந்துவிட்டு முதலில் நகல் எடுங்கள். காதால் கேட்டு டிஸ்க்கின் ஆயுளைச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ரீங்காரம் சில மாதத்தில் கண்கூடாகக் கூடியிருக்கிறது என்றால் மட்டும், ஸ்மார்ட் என்ன சொன்னாலும் நகல் எடுத்துவிடுவேன்.

சத்தத்துக்கு மருந்து கேபினெட்டில் இருக்கிறது. கணினி ஓடும்போதே பக்கக் கதவில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். ரீங்காரம் சட்டென்று இறங்கினால் பாடுவது கதவு. திருகுகளை இறுக்கி, உட்புறம் கனமான பிட்டுமன் ஷீட் ஒட்டுங்கள். காருக்குக் கதவில் ஒட்டுவார்களே அது. கேபினெட்டைத் தூக்கி அடியில் தடித்த ரப்பரோ பழைய யோகா விரிப்பின் துண்டோ வைத்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். அழுத்தியும் மாறவில்லை என்றால் அது டிஸ்க்கே இல்லாமலும் இருக்கலாம். பவர் சப்ளை ஃபேன், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் அடுத்த சந்தேக நபர்கள். கணினியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, டிஸ்க்கின் மின்கேபிளை மட்டும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து கேட்டால் தெரிந்துவிடும்.

டிஸ்க்தான் என்று உறுதியானால் அதன் திருகுகளுக்கும் கூட்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் போடுங்கள். கடையில் கிடைக்கும், சில கேபினெட்டோடு வருவதை யாரும் பிரிப்பதே இல்லை. எலாஸ்டிக் கயிற்றில் தொட்டில் கட்டி டிஸ்க்கைத் தொங்கவிடும் ரசிகர்களும் உண்டு. சத்தம் அற்புதமாகக் குறையும். ஆனால் கட்டு ரொம்பத் தளர்ந்தால் ஹெட் கை உதறும்போதெல்லாம் டிஸ்க்கின் உடம்பே எதிர்ப்பக்கம் திரும்பும், ஹெட் தடத்தைத் தேடித் தேடிப் படிக்கும், வேகம் குறையும். டிஸ்க்குக்கு அதிர்வு எவ்வளவு ஆகாது என்பதற்கு 2008இல் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் காட்டிய வேடிக்கை பிரபலம்: டேட்டா சென்டரில் டிஸ்க் அடுக்கின் முகத்துக்கு நேரே உரக்கக் கத்தினார், திரையில் டிஸ்க்கின் தாமதம் குபீரென்று ஏறியது. 2016 செப்டம்பரில் ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு வாயுவைச் சோதித்துப் பார்த்தார்கள். வாயு பீறிட்ட சத்தம் 130 டெசிபெல்லைத் தாண்டி, டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை சுமார் பத்து மணி நேரம் நின்றுபோனது. தீ இல்லை, தண்ணீர் இல்லை, வெறும் சத்தம்.

டிஸ்க்கைத் துணியிலோ நுரையிலோ பொதிந்து வைக்கும் யோசனை வந்தால் சித்திரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் தன் சூட்டை உடம்பு வழியாகக் கூட்டுக்குக் கடத்தித்தான் ஆறுகிறது. பெரும்பாலானவற்றுக்கு எழுதியிருக்கும் மேல்வரம்பு 60 டிகிரி. அறையே 38இல் இருக்கும் ஊரில் போர்வை போர்த்தினால் அந்த எல்லை ரொம்பத் தூரம் இல்லை. ரப்பர் வளையம் போட்டாலும் முன்னால் ஒரு மெதுவான ஃபேன் காற்று படுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

கரகரப்புக்கு முன்பு ஒரு அழகான வழி இருந்தது. ஒலி மேலாண்மை என்று, டிஸ்க்கும் கணினியும் பேசிக்கொள்ளும் ஏடிஏ தரத்திலேயே ஒரு வசதி. 128 வைத்தால் ஹெட் கை பூனை மாதிரி நடக்கும், 254 வைத்தால் முழுவேகம். லினக்ஸில் எச்டிபார்ம் (hdparm) என்ற கட்டளை மூலம் ஒரு வரியில் மாற்றலாம். பின்னால் வந்த டிஸ்க்குகள் இதை விட்டுவிட்டன. உங்கள் டிஸ்க் பழையது என்றால் முயன்று பாருங்கள், புதியது என்றால் இருக்காது. வேலையில்லாதபோது சுழற்சியை நிறுத்தும் அமைப்பு எல்லாவற்றிலும் உண்டு. அதை இருபது, முப்பது நிமிடத்துக்கு வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு வைத்தால் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஹெட் ஏறி இறங்குவதற்கு 3 லட்சம், 6 லட்சம் என்று ஒரு கணக்கு வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் விண்டோஸை, சுழலும் பாகமே இல்லாத ஒரு சின்ன எஸ்எஸ்டியில் ஏற்றிவிட்டு, இந்த 4 டிபியைப் படங்களுக்கும் நகல்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்வேன். கரகரப்பில் பெரும்பகுதி விண்டோஸ் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பதால் வருவது. அது எஸ்எஸ்டிக்குப் போய்விட்டால் ராத்திரி டிஸ்க்கைக் கூப்பிட யாரும் இல்லை, முப்பது நிமிடத்தில் அதுவே தூங்கிவிடும். அதுவும் போதாது என்றால் ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் ஒரு நாஸ் பெட்டி, அதாவது டிஸ்க்கை உள்ளே வைத்து வீட்டு நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பெட்டி.

நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வீணாகாது. எட்டாம் எண் என்றால் மேசைக் கணினி டிஸ்க்குக்குப் பெரும்பாலும் பொருந்தும். கடையில் செத்த டிஸ்க் ஒன்று கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள், அவ்வளவு அழகான இயந்திரத்தை வேறெங்கும் அவ்வளவு மலிவாகப் பார்க்க முடியாது. லேப்டாப் டிஸ்க் என்றால் மட்டும் தட்டை வளைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே கண்ணாடி, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஹெட் கையின் அடியில் இருக்கும் இரண்டு நியோடைமியம் காந்தங்களை எடுக்கும்போது நடுவில் விரலை விடாதீர்கள். என் 80 ஜிபியின் காந்தம் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஒரு வருட கேஸ் பில்லைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.